பட்டணத்து டிசி சார்ஜர்: எந்தக் காருக்கு எந்தக் கட்டம்?

ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே, பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டிய தோட்டப் பட்டணம் இது. கடைவீதி முடியும் இடத்தில் இருக்கும் எண்ணெய் நிலையத்தில் மின்சாரக் கார்களுக்கு நேர்மின்னோட்டத்தில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் டிசி சார்ஜர் ஒன்று நிற்கிறது. 60 கிலோவாட், ஒரே தூண், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிசிஎஸ்2 கன் (கேபிள் முனையில் கைப்பிடியோடு இருக்கும் செருகி; சிசிஎஸ்2 என்பது அதன் இணைப்பு வகை), அவற்றுக்கு இரண்டு பார்க்கிங் கட்டங்கள். மேலே கூரை உண்டு, பக்கத்திலேயே கழிப்பறை உண்டு, செயலியும் தொல்லை தருவதில்லை. ஒரு கார் மட்டும் நின்றால் முழு 60-ம் கிடைக்கும். இரண்டாவது கார் வந்துவிட்டால் ஆளுக்கு 30. பிஒய்டி அட்டோ 3-இன் 60 கிலோவாட்-மணி பேட்டரியை 30-இலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏற்ற, தனியாக நின்றால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பங்கு போட்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

இவ்வளவும் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டிய விஷயங்கள். ஆனால் இங்கே வருகிற கார்களில் பாதி திணறுவது வேறொரு காரணத்தால். தூண் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில், தலைமாட்டில் நிற்கிறது. கேபிள் ஏறக்குறைய 4 மீட்டர்தான். காரின் போர்ட், அதாவது கன் செருகும் துளை, எந்த மூலையில் இருக்கிறது என்று யோசிக்காமல் காலியான கட்டத்தில் நுழைந்தால், மறுபடி வெளியே எடுத்துத் திருப்ப வேண்டியதுதான்.

கணக்கு எளிது. தூணைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். உங்கள் இடக்கைப் பக்கக் கட்டம் இரண்டு வகைக் கார்களுக்குப் பொருந்தும்: வலது முன் மட்கார்டில் போர்ட் இருப்பவை மூக்கை உள்ளே விட்டு நிற்கலாம், இடது பின்பக்கம் இருப்பவை ரிவர்ஸில் வர வேண்டும். வலக்கைப் பக்கக் கட்டம் இதற்கு நேர்மாறு. இடது முன்பக்கக்காரர்கள் நேராக நுழையலாம், வலது பின்பக்கக்காரர்கள் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். போர்ட் மூக்கிலேயே இருந்தால் எந்தக் கட்டமும் சரி.

இதைக் கார்களின் பெயரோடு வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். அட்டோ 3, டால்பின் இரண்டுக்கும் போர்ட் வலது முன் மட்கார்டில். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் இரண்டுக்கும் இடது பின்விளக்கை ஒட்டி. எம்ஜி4, வால்வோ இஎக்ஸ்30 ஆகியவற்றுக்கும் இடது பின்பக்கம்தான். ஆக, நம் சாலையில் அடிக்கடி கண்ணில் படுகிற கார்களில் பெரும்பாலானவை அந்த ஒரே இடக்கைக் கட்டத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. வலக்கைக் கட்டத்தில் ஒழுங்காகப் பொருந்துகிறவை பிஒய்டி சீல், ஹியுண்டாய் அயோனிக் 5, கியா இவி6, பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் போன்ற வலது பின்பக்கக் கார்கள். அவை எல்லாம் ரிவர்ஸில்தான் வந்தாக வேண்டும்.

தவறான கட்டத்தில் நின்றால் என்ன ஆகும்? அட்டோ 3 வலக்கைக் கட்டத்தில் மூக்கை விட்டு நிற்கிறது என்று வையுங்கள். கேபிள் தூணிலிருந்து கிளம்பி, 1.9 மீட்டர் அகல பம்பரைச் சுற்றி, மறுபக்க மட்கார்டு வரை போய், போர்ட் உயரத்துக்கு ஏற வேண்டும். எட்டும், ஆனால் விறைத்து நிற்கும். டிசி கேபிள் கனமானது. அந்தக் கனம் முழுவதும் கன்னைக் கீழ்நோக்கி இழுக்கும். சிசிஎஸ்2-இன் இரண்டு பெரிய டிசி முனைகளும் கீழ்ப் பாதியில் இருப்பதால், கன் சற்றே சாய்ந்தாலும் அவை முழுதாக உட்காராது. கன்னைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு முள் விழாமல், "இணைப்புப் பிழை" என்று திரையில் வரும். பலர் சார்ஜர் கெட்டுவிட்டது என்று எண்ணித் திரும்பிப் போய்விடுகிறார்கள். சார்ஜரில் கோளாறே இல்லை. கன்னின் அடியில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தூக்கி, உள்ளே அழுத்தி, பூட்டு "டக்" என்று விழும்வரை பிடித்திருங்கள். பிறகு கையை எடுக்கலாம். எப்படியோ ஒட்டிக்கொண்டு சார்ஜ் தொடங்கிவிட்டாலும் நிம்மதி இல்லை. தொடர்பு சரியாக இல்லாத முனை சூடாகும், போர்ட்டில் இருக்கும் வெப்ப உணரி அதைக் கண்டு மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். 60 வர வேண்டிய இடத்தில் 25, 30 என்று ஊர்ந்தால், பக்கத்துக் கட்டத்திலும் வேறு கார் இல்லையென்றால், முதலில் கேபிள் விறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சார்ஜ் முடிந்த பிறகு கன் வர மறுப்பதும் பெரும்பாலும் இதே இழுப்பால்தான். கனம் பூட்டு முள்ளின் மேல் விழுந்து அதை நகர விடாது. பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். கன்னைச் சற்றுத் தூக்கி, உள்நோக்கித் தள்ளிக்கொண்டே காரைத் திறந்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பல கார்களில் பின்புறச் சாமான் அறையினுள்ளோ போனெட்டின் அடியிலோ அவசர விடுவிப்புக் கயிறு ஒன்று இருக்கும். அது எங்கே என்று கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

பின்பக்க போர்ட் உள்ளவர்கள் மூக்கை உள்ளே விட்டு நின்று, கேபிளை இழுத்துப் பார்ப்பதும் இங்கே நடக்கிறது. மாடல் ஒய்-யின் நீளம் 4.75 மீட்டருக்கு மேல். தூணிலிருந்து 4 மீட்டர் கேபிள் அதன் பின்விளக்குக்கு எட்டவே எட்டாது.

நிலையத்தார் மீது எங்கள் முதல் குறை இதுதான். இரண்டு கட்டங்களின் தரையிலும் எந்த மூலைக்கு எந்தக் கட்டம் என்று வரைந்திருக்கலாம். கேபிளைத் தாங்க ஒரு ஸ்பிரிங் கையைத் தூணின் உச்சியில் பொருத்தியிருந்தால் பாதிப் பிழைகள் மறையும். கேபிள் தரையில் புரளாது, அதன் மேல் டயர் ஏறவும் ஏறாது. டயர் தடுப்புக் கட்டைகளையும் மாற்றி அமைக்க வேண்டும். முன்சக்கரத்துக்குக் கணக்கிட்டு வைத்த கட்டை, பின்பக்கம் நீண்ட கார் ரிவர்ஸில் வரும்போது தாமதமாகத்தான் தடுக்கும். அதற்குள் பம்பர் தூணைத் தொட்டுவிடும்.

அப்படியானால் போர்ட்டை எங்கே வைப்பதுதான் சரி? தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை எங்கள் தேர்வு இடது முன் மட்கார்டு. ஜாகுவார் ஐ-பேஸில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே சாலையோரத்தில் வண்டி நிறுத்தினால் இடப்பக்கம் ஓரத்தைப் பார்க்கும், வலப்பக்கம் செம்பனைக் குலை லோரி உரசிப் போகிற பக்கம். கன்னைக் கையில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் குனிந்து நிற்பது ஆபத்து. முன்பக்கமாக இருந்தால் நெரிசலான கடைவீதியில் ரிவர்ஸ் எடுக்கும் தொல்லையும் இல்லை.

மூக்கு போர்ட் கேபிளுக்குச் சுகம். பழைய நிசான் லீஃப், ஹியுண்டாய் கோனா, செரி ஒமோடா இ5 எல்லாம் அந்த ரகம். ஆனாலும் அதை நாங்கள் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். சின்ன மோதலிலேயே மூடி வளையும். மூடி வளைந்தால் ஓட்டக்கூடிய காருக்கும் சார்ஜ் ஏற்ற முடியாது. முன்னே போகிற லோரி கிளப்பும் செம்மண்ணும் பூச்சியும் நேராக அங்கேதான் வந்து மோதும். (பழைய லீஃப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதற்கு வேண்டிய சாடெமோ வகை டிசி கன் இங்கே கிடையாது, வந்து ஏமாற வேண்டாம்.)

செம்மண் எந்த போர்ட்டுக்கும் பகைதான். குழியின் அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு சிறு துளை இருக்கும். தூசி சேர்ந்து அது அடைபட்டால், மாலை மழையில் நீர் தேங்கிக் கசிவு மின்னோட்டம் உண்டாகும், சார்ஜர் உடனே துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை, கேபிள் செருகாத நேரத்தில், உலர்ந்த மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டி எடுங்கள். மூடி திறந்திருக்கும்போது பிரஷர் வாட்டர் ஜெட்டைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. முனைகளில் எண்ணெயோ ஸ்பிரேயோ அடிக்கவும் கூடாது.

வீட்டில் சார்ஜர் வைக்கப்போகிறவர்களும் இதே மூலைக் கணக்கைப் போட வேண்டும். தாமான் வரிசை வீடுகளில் சார்ஜர் பெட்டியை வாசல் சுவரில் மாட்டுவதுதான் வழக்கம். மூக்கை உள்ளே விட்டு நிற்கும் முன்பக்க போர்ட் காருக்கு 5 மீட்டர் டைப் 2 கேபிள் (வீட்டு ஏசி சார்ஜுக்கான வகை) தாராளம். பின்பக்க போர்ட் காரை அப்படியே நிறுத்துவீர்கள் என்றால் 7 மீட்டர் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பெட்டியை கேட் பக்கத் தூணில் மாட்டச் சொல்லுங்கள். 7.4 கிலோவாட் பெட்டி 32 ஆம்பியர் மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும். அதற்குத் தனி வயரிங், தனி கசிவுத் துண்டிப்பான் இரண்டும் கட்டாயம் வேண்டும், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவர் துளை போடுவதற்கு முன் காரை வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, போர்ட்டிலிருந்து சுவர் வரை ஒரு கயிற்றைத் தொய்வாக விட்டு அளந்து காட்டுங்கள்.