ரிட்டயர்மென்ட் வகுப்பு: டீ பிரேக்குக்காகப் போகலாம்

தமிழக அரசு வேலையிலிருந்து அடுத்த மார்ச்சில் ரிட்டயர் ஆகிறேன். ஆபீஸில் அனுப்பினார்கள் என்று போன வாரம் ஊட்டியில் நடந்த ஓய்வுக்கு முந்தைய பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தேன். கடைசியில் கொடுத்த கருத்துப் படிவத்தில் டிக் அடிக்கத்தான் இடம் இருந்தது, எழுத இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஐந்துக்கு இரண்டரை. அந்த அரையும் டீயோடு கொடுத்த மொறுமொறு ஊட்டி வர்க்கிக்கு.

எங்கள் செக்‌ஷனில் எனக்கு முன்னால் ரிட்டயர் ஆன அக்காவுக்கு இதே வகுப்பு கோயம்புத்தூரில் மூன்று நாள், ரூம், சாப்பாடு எல்லாம் கொடுத்து நடந்தது. எங்களுக்கு ஒரே நாள், நிதி இல்லையாம். 2020-இல் அகவிலைப்படி உயர்வையும் ஈட்டிய விடுப்பைக் காசாக்கும் சரண்டரையும் சேர்த்து நிறுத்தியதைப் பார்த்தவர்கள்தான் நாங்கள், சிக்கனம் புதிதில்லை. பயணப்படி கிடையாது என்று தெரிந்தும் கூடலூர்க்காரர்கள் விடியற்காலை பஸ் பிடித்து நடுவட்டம் வழியாக மேலே ஏறி வந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. மதியச் சாப்பாட்டுச் செலவை ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொண்டதாம், அதற்கு ஈடாக ஒன்றரை மணி நேரம் மைக் அவர்கள் கையில். கோட் போட்ட தம்பி, "உங்க கிராஜுட்டி பணம் உங்களுக்காக வேலை செய்யணும் சார்" என்று ஆரம்பித்து, ஐந்து வருடம் பணம் கட்ட வேண்டிய பாலிசியை அறுபது வயதுக்காரர்களிடம் விற்கப் பார்த்தார். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், இப்போது வட்டி 8.2 சதவீதம், முழுத் தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். அன்று முழுவதும் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

யோகாவுக்கு முக்கால் மணி நேரம். ஸ்வெட்டரும் மப்ளருமாக மூச்சுப்பயிற்சி செய்தோம், அவ்வளவுதான்.

பென்ஷன் கணக்குக்கு மிஞ்சியது நாற்பது நிமிடம். எடுத்தவர் விஷயம் தெரிந்தவர், அதை மறுக்க முடியாது. கம்யூட்டேஷனை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது: பென்ஷன் 36,000 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 12,000 ரூபாயை விற்று மொத்தமாகப் பணம் வாங்கலாம், அது 15 வருடம் பிடித்தமாகும், அறுபதில் போகிறவருக்கு எழுபத்தைந்தில்தான் முழுப் பென்ஷன் திரும்பும், ஆனால் அகவிலைப்படி மட்டும் முழு 36,000-க்கும் உண்டு. ஆனால் 1.4.2003 முதல் வேலைக்குச் சேர்ந்த சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) ஆட்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு ஒரே ஒரு ஸ்லைடு, அதையும் "நேரமாச்சு" என்று தள்ளிவிட்டார். என் பக்கத்தில் இருந்த கோத்தகிரி அண்ணன் நோட்டை மூடிவிட்டு ஜன்னல் வழியாக மூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்புறம் அந்த டீ பிரேக். கருவூலத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், யாரையோ பார்க்க வந்தவர், அழைக்கப்பட்ட பேச்சாளர்கூட இல்லை. டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டே, "யாராவது எஸ்.ஆர். ஜெராக்ஸ் வெச்சிருக்கீங்களா?" என்று பணிப்பதிவேட்டைக் கேட்டார். அந்தக் கோத்தகிரி அண்ணன் நீட்டினார். இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் விரல் நின்றுவிட்டது. நாமினி பெயர் எஸ்.ஆரில் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி. "தம்பி, இப்பவே சரி பண்ணு. நீ இருக்கும்போது இது பேப்பர் வேலை. நீ போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு உன் வீட்டம்மா இதைத் தூக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையணும்." வர்க்கி டீக்குள் உடைந்து விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. பத்துப் பேர் சுற்றி நின்றுவிட்டோம். பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணலுக்குக் கருவூலத்துக்கு அலைய வேண்டாம், 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்து முடித்துக்கொடுப்பார் என்று சொன்னதும் அவர்தான். அதற்குள் மணி அடித்து, இன்சூரன்ஸ் தம்பி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

அடுத்த பேட்ச் போகிறவர்கள் பணிப்பதிவேட்டு ஜெராக்ஸ், ஆதார், வீட்டில் இருப்பவர்களின் ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். படிவத்தில் போன் நம்பர் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். எனக்கு இதுவரை நான்கு கால் வந்துவிட்டது.