தே வொர்க் ஃபோர் யூ: என் எம்.பி. போட்ட வாக்கைக் காட்டிய தளம்

நாலு வருடமாக இந்தத் தளத்தைப் பாவிக்கிறேன். மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது, பாவிக்கக் காசு இல்லை. போஸ்ட்கோட்டை அடித்தால் உங்கள் பிரித்தானிய எம்.பி. சபையில் என்ன பேசினார், எதற்கு எப்படி வாக்களித்தார் என்று வரும். மின்னஞ்சலைப் பதிந்து வைத்தால் அவர் பேசிய தகவல் தானாகவே வந்து சேரும். ஒரு பழக்கமாகத்தான் வைத்திருந்தேன். 2024 ஜூலையில்தான் இதன் அருமை தெரிந்தது.

வியாழக்கிழமைகளில் லண்டனில் ஒரு உணவு வங்கியில் உதவிக்கு நிற்பேன். அங்கே வருகிறவர்களில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. மூன்று பிள்ளைகள், கடைசிப் பையன் 2019இல் பிறந்தவன். 2017 ஏப்ரல் 6இலோ அதற்குப் பிறகோ பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணத்தில் பிள்ளைக்கான பணம் கிடையாது என்பது அப்போதைய சட்டம். 2024இல் கணக்குப் பார்த்தால் மாதம் 287 பவுண். அவள் அரிசிப் பையை எடுத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, திரும்ப வைப்பாள். கரண்ட், காஸ் மீற்றரில் முதலே காசு போடாமல் சோறு எப்படிச் சமைப்பது? டின் பீன்ஸோடு போய்விடுவாள்.

தேர்தலுக்கு முன் தொழிற்கட்சி வேட்பாளர் அங்கே வந்தார். அலுமாரிக்கு முன்னால் நின்று அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "இது கொடுமையான சட்டம், இது போக வேண்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு சனிக்கிழமை மழையில் நனைந்து அவருடைய துண்டுப்பிரசுரம் போட்டேன். ஜூலை 4இல் வென்றார்.

பத்தொன்பதாவது நாள், ஜூலை 23. புதிய அரசாங்கத்தின் திட்டங்களைச் சொல்லும் மன்னர் உரைக்கு ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி கொண்டுவந்த திருத்தம், இந்த இரண்டு பிள்ளை வரம்பை நீக்கச் சொல்லி. 103க்கு 363 என்று தோற்றது. மறுநாள் காலை பஸ்ஸில் இருந்துகொண்டே தளத்தைத் திறந்தேன். எதிர்த்தவர்களின் பட்டியலில் அவர் பெயர். இரண்டு தரம் பார்த்தேன்.

சரி, அவர் பக்கத்து நியாயத்தையும் யோசித்தேன். அந்தத் திருத்தம் வென்றிருந்தாலும் சட்டம் அன்றே மாறியிருக்காது. கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. தொழிற்கட்சியில் ஏழு பேர் மீறினார்கள். ஜோன் மக்டொனல், சாரா சுல்தானா, அப்சானா பேகம் எல்லோரும் அதில் அடக்கம். ஏழு பேரையும் கட்சி ஆறு மாதம் இடைநிறுத்தியது. ஆனால் அந்த ஏழு பேருக்கும் இவருக்கும் வந்த கட்டளை ஒன்றுதானே.

இதே நிறுவனத்தின் ரைட் டு தெம் தளம் வழியாக அவருக்கு எழுதினேன். அதுவும் நல்ல சேவை. சில வாரம் கழித்துப் பதில் வந்ததா என்று அவர்களே விசாரிக்கிறார்கள். பதில் வந்தது. பொருளாதார நிலைமை, வறுமைக்கான செயலணி என்று நாலு பத்தி. வேறு தொகுதியில் இருக்கும் என் மச்சானுக்கு அவருடைய எம்.பி. அனுப்பிய கடிதத்தில் மூன்று பத்தி அப்படியே இருந்தது. உணவு வங்கிக்கு வந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. வாக்கை விட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "நான் பயந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அந்தப் பெண் கேட்டபோது கைபேசியில் பக்கத்தைக் காட்டினேன். விரலால் பட்டியலை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பெயரில் நிறுத்தினாள். "அண்ணை, இதில நிண்டு கதைச்சவர்தானே இவர்?" என்றாள். ஓம் என்றேன். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில்தான் அந்த வரம்பை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாக அரசாங்கம் அறிவித்தது. இடையில் இருபது மாதத்துக்கு மேல் அவள் பையனுக்குப் பணம் வரவில்லை.

தளத்தில் குறைகளும் உண்டு. தமிழில் கிடையாது. என் அம்மா போன்றவர்களுக்கு யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். வாக்களிக்காத எம்.பி. வேண்டுமென்றே ஒதுங்கினாரா, சுகமில்லாமல் இருந்தாரா என்பதை அதில் கண்டுபிடிக்க முடியாது. திருத்தங்களுக்கு எதிராக விழும் வாக்கு எதை எதிர்க்கிறது என்பதும் முதல் பார்வையில் குழப்பும். சுருக்க வரியோடு நிற்காமல் அந்த வாக்கெடுப்பின் பக்கத்துக்கே போய், முன்வைத்த தீர்மானத்தை வாசியுங்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். அடுத்த தேர்தலில் துண்டுப்பிரசுரம் கையில் எடுப்பதற்கு முதல் நான் பார்க்கப்போவது இதைத்தான்.