சுகர் பேக்கேஜில் 60 டெஸ்ட், கிட்னிக்கு வேண்டியது மட்டும் இல்லை

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற லேபில் அப்பாவுக்கு சுகர் பேக்கேஜ் எடுத்தோம். ரத்தம் எடுக்கிற தம்பி சொன்னபடி காலை 6.30க்கு வந்துவிட்டார், ஊசி போட்டதே தெரியவில்லை என்று அப்பா சொன்னார் (அவர் யாரையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை). சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். இதுவரை சரி.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏசிஆர் எங்கே?" சிறுநீரில் ஆல்புமினுக்கும் (ஒரு புரோட்டீன்) கிரியாட்டினினுக்கும் (கிட்னி வெளியேற்றுகிற கழிவு) உள்ள விகிதம்தான் அது, கிட்னி கெட ஆரம்பிப்பதைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். தைராய்டு, வைட்டமின் டி என்று 60 டெஸ்ட் போட்டவர்கள், 14 வருடமாக சுகர் உள்ளவருக்கு வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய இதைப் போடவில்லை. லேபுக்குப் போய்க் கேட்டால், "கிரியாட்டினின் நார்மல், யூரினில் புரோட்டீனும் இல்லை, அப்புறம் எதுக்கு சார்?" என்கிறார்கள். கிட்னி நிறைய கெட்ட பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும், சாதாரண யூரின் டெஸ்டில் கொஞ்சமாகக் கசிகிற ஆல்புமின் தெரியாது. இதை லேபுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

சரி என்று தனியாகப் பணம் கட்டி, காலையில் முதலில் போகிற சிறுநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மறுபடியும் அதே சாதாரண யூரின் டெஸ்டைப் போட்டுவிட்டார்கள்! சண்டை போட்ட பிறகு இலவசமாக ஏசிஆர் எடுத்துக் கொடுத்தார்கள். 94 வந்தது. 30க்குள் இருக்க வேண்டும், 300ஐத் தாண்டினால் நிலைமை மோசம். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் ஏறும் என்பதால் டாக்டர் அவசரப்படவில்லை, மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார். 88.

பிரஷருக்கு ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த டெல்மிசார்டன் அளவைக் கூட்டினார், அது கிட்னிக்கும் காப்பாம், அந்த மாத்திரையால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம் என்பதால் இரண்டு வாரத்தில் அதைப் பார்க்கச் சொன்னார். மூட்டு வலிக்கு அப்பா மெடிக்கலில் தானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். எங்களுக்கே தெரியாத விஷயம் அது. ஊறுகாய், அப்பளத்தை நிறுத்துவது பற்றி மட்டும் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இந்த லேபுக்குப் போவதாக இருந்தால் பேக்கேஜை விட்டுவிட்டு டாக்டர் எழுதியதை மட்டும் எடுங்கள், பில்லில் ஏசிஆர் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகு சாம்பிளைக் கொடுங்கள். ஐந்து ஸ்டார் கேட்டு போன் மேல் போன் வருகிறது. மூன்று கொடுத்தேன், மூன்றும் அந்த 6.30 மணித் தம்பிக்கு.