பை தைக்க ஆன்லைனில் கித்தான் வாங்குகிறீர்களா? கத்தரி வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டிலேயே ஸ்கூல் பேக் தைக்கலாம் என்று நினைப்பவர்கள், அதிலும் துணி, வளையம், ஜிப், நூல் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் பணம் கட்டப் போகிறவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,850 ரூபாய் போனது. பணம் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் பெண் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து எழுதிய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு மழைத் தண்ணீரில் ஊறிப் போனதைத்தான் விட முடியவில்லை.

நாங்கள் கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில் ஒரு ஊர். பெண் பதினொன்றாம் வகுப்பு, தினமும் பஸ்ஸில் கும்பகோணம் போய் வருகிறாள். இரண்டு வருடமாக அவளுக்கு கோதிக் என்றால் உயிர். கறுப்பு, லேஸ், பக்கிள், பெரிய பெரிய வளையம். பிள்ளை கறுப்பு கறுப்பாகக் கேட்கிறாளே என்று முதலில் எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம் வேளாங்கண்ணி போயிருந்தபோது கோயில் ஜன்னல்களைக் காட்டி, "மேலே கூராக முடியுது பாரும்மா, இதுதான் கோதிக்" என்றாள். பிரான்சில் 12ஆம் நூற்றாண்டில் மாதா கோயில் கட்டினவர்கள் ஆரம்பித்த கட்டடப் பாணி அது, அந்தப் பெயரை 1980களில் இங்கிலாந்துப் பிள்ளைகள் கறுப்பு உடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பையின் மேல் மூடியை அந்த ஜன்னல் வடிவத்திலேயே வெட்டி, கூர் முனை கீழே பார்த்த மாதிரி தொங்கவிட்டு, ஓரத்தில் கறுப்பு லேஸ், முன்னால் இரண்டு பக்கிள், உள்ளே கத்தரிப்பூ கலர் லைனிங். பேப்பரில் அவளே வரைந்து கொடுத்தாள். கடையில் விற்கிற கோதிக் பைகள் பார்க்க நன்றாக இருந்தாலும் வார் ஒரு வருடம் தாங்காது, நானே கெட்டியாகத் தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதினைந்து வருடமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிற கை இது, பை தைக்க முடியாதா என்றுதான் நம்பினேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு வெளியூர் விற்பனைப் பக்கம். 'கோதிக் பேக் செட்' என்றே போட்டிருந்தார்கள்: 16 அவுன்ஸ் (ஒரு சதுர கெஜத் துணியின் எடை) காட்டன் கித்தான் இரண்டரை மீட்டர், அசல் பித்தளை வளையமும் பக்கிளும், 10ஆம் நம்பர் ஜிப், பாண்டட் நைலான் நூல் (புரிகளை ஒன்றாக ஒட்டிய நூல்), 25 கிலோ தாங்கும் என்று ஒரு வீடியோ வேறு. அவசரப்பட்டு நான் வாங்கவில்லை. சாம்பிள் கேட்டேன். அவர்களும் உள்ளங்கை அளவு கறுப்புத் துணி ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள். நல்ல கனம், நல்ல நெருக்கமான நெசவு. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பணம் அனுப்பினேன். எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் அவர்கள் அனுப்பிய சாம்பிள் அசல், பார்சலில் வந்த துணி வேறு. சாம்பிள் பார்த்துத்தானே வாங்கினோம் என்ற தைரியத்தில் வந்த துணியை யாரும் மறுபடி சோதிப்பதில்லை, நானும் சோதிக்கவில்லை.

துணி விறைப்பாக இருந்தது. விறைப்பைக் கனம் என்று எடுத்துக்கொண்டேன். தைக்க உட்கார்ந்தபோது இன்னொரு அடையாளமும் கிடைத்தது, அதையும் விட்டுவிட்டேன். 16 அவுன்ஸ் கித்தானை நாலு மடிப்பாக வைத்தால் வீட்டுத் தையல் மிஷின் திணறும், 18ஆம் நம்பர் ஊசி போட்டு, மடிப்பைச் சுத்தியலால் தட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் நகர்த்த வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். என் பழைய கால்மிஷினில் 16ஆம் நம்பர் ஊசியிலேயே அது புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது போலச் சரசரவென்று ஓடியது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் முடித்து, மிஷினுக்குப் பொட்டு வைத்தபோது பைக்கும் ஒரு பொட்டு வைத்தாள் பெண்.

மூன்று வாரம் தூக்கினாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், நனைந்துகொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது பக்கக் கீழ் வளையம் பட்டென்று விட்டுவிட்டது. முழுக் கனமும் ஒரே வாரில் தொங்கியதும் அந்தப் பக்கத் தையலும் பிரிந்து, பை ரோட்டோரத் தண்ணீரில் விழுந்தது. வீட்டுக்கு வந்தவளின் யூனிஃபார்ம் முதுகு முழுக்கக் கறுப்புச் சாயம். நோட்டைப் பிரித்தால் மை கரைந்து, அதன் மேல் பைச் சாயமும் ஏறி, பென்சிலில் போட்ட படங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அவள் அழவில்லை, "பரவாயில்லைம்மா, உன் தையல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் உடைந்த வளையத்தை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கிற பத்தர் ஒருவரிடம் போனேன். காந்தம் ஒட்டவில்லையே, அப்போ பித்தளைதானே என்று கேட்டேன், விற்றவர்களும் வீடியோவில் காந்தம் வைத்துத்தான் காட்டினார்கள். அவர் பதில் சொல்லாமல் அரத்தை எடுத்து வளையத்தின் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். மஞ்சள் ஒரு நூல் கனம்கூட இல்லை, அதற்குக் கீழே வெள்ளைச் சாம்பல் நிறம். உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பினால் கல் உப்பு மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. "நாகத்த, அதான் துத்தநாகத்த, உருக்கி வார்த்து மேல பாலிஷ் குடுத்திருக்கான். காந்தம் நாகத்துலயும் ஒட்டாதும்மா. பித்தளைன்னா முதல்ல வளையும், இப்படிப் பொட்டுன்னு போவாது" என்றார்.

அங்கிருந்து ஒரு அடகுக் கடை. சாம்பிள் துணியிலும் பைத் துணியிலும் பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒவ்வொரு துண்டு வெட்டி வைத்திருந்தேன். நகை நிறுக்கிற தராசில் போட்டால் சாம்பிள் 5.4 கிராம், பைத் துணி 2.9 கிராம். அந்த அளவுத் துண்டின் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை, அதாவது ஜிஎஸ்எம். ஒரு அவுன்ஸ் சுமார் 34 ஜிஎஸ்எம். சாம்பிள் 540, சொன்ன மாதிரி 16 அவுன்ஸ். பார்சலில் வந்தது 290, எட்டரை அவுன்ஸ்தான் வருகிறது. விறைப்பெல்லாம் பசை. துண்டை வெந்நீரில் அலசிக் காயவைத்ததும் துவண்டுவிட்டது. கொளுத்திப் பார்த்தேன், சுத்தப் பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும், இது ஓரத்தில் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பாலியெஸ்டர் கலப்பு. நூலும் பாண்டட் இல்லை. பாண்டட் நூலை வெட்டி எதிர்ப்பக்கம் முறுக்கினாலும் புரி பிரியாது, இது மூன்று புரியாகப் பிரிந்து நின்றது. ஜிப் ஒன்றுதான் சொன்னபடி வந்திருந்தது.

படமெல்லாம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை, அப்புறம் "வெட்டிய துணிக்கு ரிட்டர்ன் கிடையாது மேடம், உங்க பொண்ணு ஓவர் லோடு ஏத்தியிருக்கும்" என்று ஒரு வரி. பையை அப்படியே நிறுத்துப் பார்த்தேன், தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் சேர்த்து 5.2 கிலோ. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை வழிகாட்டுதலில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு 3.5 முதல் 5 கிலோ வரை என்று இருக்கிறது. 25 கிலோ தாங்கும் என்று விற்ற பைக்கு அது ஓவர் லோடா? அதைக் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார்கள்.

'ரிட்டர்ன் கிடையாது' என்று எழுதிப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நம்பி நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்க விற்பவருக்கு உரிமை இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசினார்கள், பதிவு எண் கொடுத்தார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போகலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் என் கையில் பார்சல் பிரித்த வீடியோ இல்லை. முழுத் துணியாகவும் இல்லை, பையாக வெட்டித் தைத்துவிட்டேன். புகார் சொல்லும்போது அதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சல்.

அதனால் தைக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். சாம்பிளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். பார்சல் துணியின் ஓரத்தில் ஒரே ஒரு பத்து சென்டிமீட்டர் துண்டு எடுத்து எடை போடுங்கள், அதையே அலசுங்கள், ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் வருகிறதா என்று பாருங்கள். வளையத்தில் ஒன்றை அரத்தால் ராவுங்கள், பித்தளை என்றால் உள்ளேயும் மஞ்சளாகவே இருக்கும். இதெல்லாம் அரை மணி நேர வேலை. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மிச்சத் துணியில் கத்தரி வையுங்கள்.

இப்போது புதுப் பை தயார். கும்பகோணத்தில் லாரிப் படுதா தைக்கிற கடையில் கித்தான் வாங்கினேன், கறுப்பு இல்லை, கரும்பச்சைதான், கடைக்காரரே தராசில் வைத்துக் காட்டினார். பத்தர் பித்தளைக் கம்பியை வளைத்துப் பற்றவைத்து நாலு வளையம் செய்து கொடுத்தார். வார் முனைக்கு உள்ளே ஒரு சாண் அகலத்துக்கு இன்னொரு துண்டு வைத்து, சதுரமும் நடுவில் குறுக்கே இரண்டு கோடுமாகத் தையல், அடியில் கித்தான் இரட்டை. அந்தக் கனத்தில் என் மிஷின் நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற அண்ணன் மெழுகு போட்ட நைலான் நூலில் குத்தூசியால் தைத்துத் தந்தார், 120 ரூபாய். பழைய பையின் கோதிக் மூடியில் இருந்த லேஸைப் பிரித்து இதில் வைத்தாயிற்று. ரெக்கார்டை டீச்சர் பொங்கல் வரை டைம் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் அதே செட் வேறு பெயரில் வேறு பக்கத்தில் விற்பனைக்கு வந்திருப்பதை என் பெண்தான் பார்த்தாள். அதே காந்த வீடியோ, வீடியோவில் அதே மோதிரம் போட்ட கை, அதே '25 கிலோ'. சாம்பிள் இலவசம் என்று இப்போது கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.