முக்திநாத் போகும் குடும்பத்துக்குப் பாஸ்போர்ட்டா, வாக்காளர் அட்டையா?

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமத்தைச் சேவிக்க நேபாளத்து முக்திநாத்துக்குப் போகத் தீர்மானித்தவுடன், யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்கள் முதலில் சொல்வது "பாஸ்போர்ட்டே வேண்டாம் சார், ஆதார் இருந்தால் போதும்" என்பதுதான். இதில் முற்பகுதி உண்மை. பிற்பகுதி குடும்பத்தில் சிலருக்கு மட்டுமே உண்மை. எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் ஆறு பேர்: நான், மனைவி, பதினாறு வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபத்தொரு வயதான அப்பா, அறுபத்திரண்டு வயதான அத்தை. இந்த ஆறு பேருக்கும் ஒரே ஆவணம் பொருந்தாது என்பது விதிகளை வாசித்துப் பார்த்த பிறகே எங்களுக்குப் புரிந்தது.

இந்தியக் குடிமக்கள் நேபாளத்துக்கு விமானத்தில் செல்வதற்குக் காலாவதியாகாத பாஸ்போர்ட்டோ, இந்தியத் தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையோ வேண்டும். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களும் மட்டும் வயதையும் அடையாளத்தையும் காட்டும் புகைப்பட ஆவணம் ஏதாவது ஒன்றைக் காட்டலாம். அந்தப் பட்டியலில் பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், ரேஷன் கார்டு ஆகியவற்றோடு 2019 முதல் ஆதாரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டு வயதினருக்கு ஆதார் ஏன் போதாது என்று பலர் கேட்கிறார்கள். ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே சொல்கிறது. இந்தியாவில் வசிக்கும் வெளிநாட்டவரும், குறிப்பிட்ட நாட்கள் இங்கே தங்கியிருந்தால், அதைப் பெற முடியும். வாக்காளர் அட்டையோ இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே கிடைப்பது. எல்லையில் இருப்பவர் நீங்கள் யார் என்பதோடு எந்த நாட்டவர் என்பதையும் பார்க்கிறார். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

வயது வந்தவர்களைப் பொறுத்தவரை போட்டி பாஸ்போர்ட்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும்தான். செலவென்று பார்த்தால் வாக்காளர் அட்டையே வெல்லும், ஏனெனில் அது ஏற்கெனவே பீரோவில் இருக்கிறது. முப்பத்தாறு பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தத்கால் என்றால் அதற்கு மேல் இன்னொரு 2,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் பாஸ்போர்ட்டில் பெயர், பிறந்த தேதி, குடியுரிமை மூன்றும் ஒரே பக்கத்தில் தெளிவாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி பெயரும் இருப்பதால் உறவுக்கும் அதுவே சான்றாகிவிடும். வாக்காளர் அட்டையின் பலவீனம் பெயரில் இருக்கிறது. நம் ஊரில் தலைப்பெழுத்து அட்டைக்கு அட்டை வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றில் எஸ். முருகேசன், மற்றொன்றில் முருகேசன் சுப்பையா, இன்னொன்றில் வெறும் முருகேசன் என்றால் வாக்குச்சாவடியில் யாரும் கேட்க மாட்டார்கள். விமான நிலைய கவுண்டரில் கேட்பார்கள். வாக்காளர் அட்டையை நம்பிப் போகிறவர், அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பயணச்சீட்டில் போட வேண்டும். முகவரிடம் வாய்மொழியாகப் பெயரைச் சொல்லாமல் அட்டையின் படத்தையே அனுப்பிவிடுவது நல்லது.

அத்தையின் அட்டை பல ஆண்டுகளுக்கு முன் கொடுக்கப்பட்டது. பிளாஸ்டிக் உறையின் ஓரம் பிரிந்து, கறுப்பு வெள்ளைப் படத்தில் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறத் தேமல்தான் மிஞ்சியிருந்தது. விதிப்படி அது செல்லும் அட்டையே. ஆனால் அதைக் கையில் வாங்குகிறவர் அத்தையின் முகத்தை எதோடு ஒப்பிடுவார்? தேர்தல் ஆணையத்தின் படிவம் 8 மூலம் விண்ணப்பித்து மாற்று அட்டை வாங்கினோம். மறுபடி வெளிநாடு போகும் எண்ணமே இல்லாத அவருக்குப் பாஸ்போர்ட் எடுப்பதைவிட அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

அத்தையைப் பற்றித் தனியாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேபாளப் பயண விதிகளில் குடும்பங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: சேர்ந்து பயணம் செய்யும் குடும்பத்தில் வயது வந்த ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், மற்றவர்கள் புகைப்படத்தோடு கூடிய வேறு அடையாளத்தையும் உறவுக்கான சான்றையும் காட்டினால் போதும். பலரும் இதோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். குடும்பம் என்று அங்கே சொல்லப்படுவது கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் மட்டுமே. அத்தை, சித்தப்பா, உடன்பிறந்தவர், கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயது மகன் எவரும் இதற்குள் வர மாட்டார்கள். நாம் குடும்பம் என்றால் வேனை நிரப்பும் கூட்டத்தை நினைக்கிறோம். விதி ஒரு காரில் அடங்கும் குடும்பத்தை நினைத்து எழுதப்பட்டிருக்கிறது. உறவுச் சான்றாக ரேஷன் கார்டைக் காட்டலாம் என்பதிலும் தமிழ்நாட்டவருக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் ஸ்மார்ட் குடும்ப அட்டையில் குடும்பத் தலைவரின் படம் மட்டுமே இருக்கிறது, விவரங்கள் தமிழில் இருக்கின்றன. எல்லைச் சாவடியில் இந்தியும் நேபாளியும் ஆங்கிலமும் அறிந்த ஓர் அலுவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? ஆகவே இந்தச் சலுகையை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

குடும்பத்திலேயே மிகச் சங்கடமான வயது மகளுடையது. பதினாறு வயதுக்கு வாக்காளர் அட்டை கிடையாது; பதினைந்தைத் தாண்டிவிட்டதால் ஆதார் சலுகையும் கிடையாது. பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் பாஸ்போர்ட் இல்லாவிட்டால், பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் வழங்கும் அடையாளச் சான்றிதழைக் காட்டலாம். அந்தப் படிவத்தில்தான் வேண்டும் என்பது முக்கியம். பள்ளிகள் வழக்கமாகக் கொடுக்கும் போனபைடு சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் நின்றால் மறுக்கப்படலாம். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும்போது அந்தப் படிவத்துக்கு அலைவதைவிடப் பாஸ்போர்ட் எடுப்பதே எளிது என்று எங்களுக்குத் தோன்றியது. அதிலும் ஒரு தேர்வு உண்டு. வயது வராதோருக்கான பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கோ பதினெட்டு வயது நிறையும் வரைக்கோ, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். கட்டணம் 1,000 ரூபாய். பதினைந்து வயதைத் தாண்டியவர்கள் 1,500 ரூபாய் கட்டிப் பத்தாண்டுப் பாஸ்போர்ட்டே கேட்கலாம். இரண்டே ஆண்டில் காலாவதியாகப் போகும் ஒன்றுக்கு ஆயிரம் கட்டுவதில் பொருளில்லை என்பதால் பத்தாண்டையே தேர்ந்தெடுத்தோம்.

மகனுக்கு ஆதார் செல்லும். ஆனால் ஐந்து வயதுக்கு முன் எடுத்த நீல நிற பால ஆதாரைப் புதுப்பிக்காமலே வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அதில் இருப்பது மொட்டைத் தலைக் குழந்தையின் படம். ஐந்து வயதானதும் கைரேகையும் படமும் புதுப்பிக்கப்பட வேண்டும். அப்பாவின் ஆதாரில் வேறொரு குறை இருந்தது: தொடக்க காலத்து அட்டை என்பதால் பிறந்த ஆண்டு மட்டுமே அச்சாகியிருந்தது. எழுபத்தொரு வயதுக்காரருக்கு அதனால் இழப்பில்லை. அறுபத்தைந்தை அப்போதுதான் தொட்ட ஒருவருக்கு அந்த ஒரு வரியே தடையாகலாம்.

சாலை வழியாகப் போகிறவர்கள் கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லைக்கு வருகிறார்கள். அங்கே சைக்கிள் ரிக்‌ஷாக்களும் லாரிகளும் நாள் முழுவதும் இரு பக்கமும் போய்வந்துகொண்டிருப்பதால் யாரும் எதையும் கேட்பதில்லை என்ற எண்ணம் வரும். சில நாட்களில் அது உண்மைதான். ஆனால் எல்லையைக் காக்கும் சசஸ்திர சீமா பல வீரர்கள் திரும்பி வரும்போது நிறுத்திக் கேட்டால் மூல ஆவணம் கையில் இருக்க வேண்டும். திரும்பும் வழியில் காத்மாண்டுவிலிருந்து விமானம் ஏறலாம் என்று நினைப்பவர்கள், சாலைப் பயணத்தின் தளர்வை மறந்துவிட்டு விமானப் பயணத்துக்குரிய ஆவணங்களையே எல்லோருக்கும் எடுத்துவைக்க வேண்டும். துபாயில் வேலை செய்யும் தம்பி நேராகக் காத்மாண்டுவில் வந்து சேர்ந்துகொள்வதாக இருந்தால் அவருக்குத் தேர்வே இல்லை. இந்தியா அல்லாத நாட்டிலிருந்து நேபாளத்துக்குள் வருகிற இந்தியருக்குப் பாஸ்போர்ட் கட்டாயம்.

நேபாளத்தில் செல்லுபடியானது பூட்டானிலும் செல்லும் என்று நினைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பூட்டானிலும் வயது வந்த இந்தியருக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை என்பதே விதி. ஆனால் ஆதார் அங்கே பயண ஆவணமாகக் கொள்ளப்படுவதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழோடு பெரியவர் ஒருவருடன் வர வேண்டும். நம் நகராட்சி கொடுத்த பழைய சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலும் உள்ள பிரதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்றால் இந்த அலசலே தேவையில்லை: கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும், அதில் குறைந்தது ஆறு மாதம் காலம் மிச்சமிருக்க வேண்டும்.

ஆவணங்களின் மின்னணுப் பிரதிகளை வைத்திருக்கும் டிஜிலாக்கர் செயலி கைப்பேசியில் இருக்கிறதே என்று மூல அட்டைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போவதை நான் ஏற்க மாட்டேன். உள்நாட்டு விமான நிலையத்தின் வாசலில் அது உதவும். முக்திநாத் போகும் வழியில் உள்ள ஜோம்சோம் பக்கத்து மலைப்பாதையில் சிக்னலும் மின்னேற்றமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மூலம் தொலைந்தால் காத்மாண்டுவில் உள்ள இந்தியத் தூதரகம் நாடு திரும்புவதற்கு அவசரச் சான்றிதழ் தரும். அதற்கு விண்ணப்பிக்கும்போது தொலைந்த அட்டையின் நகல் கையில் இருந்தால் வேலை விரைவாக முடியும். எனவே ஆளுக்கு இரண்டு நகல்கள் எடுத்து, ஒருவருடைய நகலை மற்றொருவர் பையில் வைத்தோம்.

கடைசியில், ஆதாரே போதுமாயிருந்த மகனும் அப்பாவும் உட்பட ஐந்து பேருக்குப் பாஸ்போர்ட்டும் அத்தைக்கு வாக்காளர் அட்டையுமாகக் கிளம்பினோம். கவுண்டரில் இருந்த பெண் ஐந்து பாஸ்போர்ட்டுகளையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, அத்தையின் புது அட்டையை மட்டும் பயணச்சீட்டோடு எழுத்துக்கூட்டி ஒப்பிட்டார். பிறகு தலை நிமிர்ந்து அத்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பெட்டியை எடைமேடையில் வைக்கச் சொன்னார்.