பஞ்சிகாவத்தை டயர் கடையும் என் ஆர்எக்ஸ்-8 இன் சில்லுகளும்

கொழும்பில் வாகன உதிரிப்பாகம் தேடுகிறவர் எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து சேருமிடம் பஞ்சிகாவத்தைதான். அங்கே வரிசையாக இருக்கும் டயர் கடைகளுள் ஒன்றில், ரிம்மை விற்பதற்கு முன் காரின் சில்லைக் கழற்றி, உள்ளே அளவுகோலை விட்டுப் பார்க்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயிலில் வெளிறிப்போன அந்தக் கடையின் பெயர்ப்பலகையை இப்போது யாராலும் வாசிக்க முடியாது; வந்து போகிற எல்லோருக்கும் அது 'நானா கடை'. கடந்த ஆறு மாதங்களில் மூன்று முறை அங்கே போய் வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது மஸ்டா ஆர்எக்ஸ்-8. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலிகள் சுழலும் 13பி ரோட்டரி இயந்திரம் கொண்ட, பின் கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும் அந்தக் கார்தான். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், கையில் இருப்பதையே செதுக்கிச் செதுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களில் பலருக்கு வந்துவிட்டது. நானும் கோய்லோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷன்) போட்டு, காரை ஏறத்தாழ 30 மி.மீ. இறக்கி, முன் பிறேக்கையும் பெரிதாக்கினேன். மிச்சமிருந்தது ரிம்மும் டயரும். அங்கேதான் பிழைவிட்டேன்.

வேறொரு கடையில், ஜப்பானில் இருந்து வந்த பழைய ரிம் செட் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கினேன்: 18 அங்குல விட்டம், 9.5 அங்குல அகலம், ஒஃப்செட் +22 (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). அதற்கு 225/40ஆர்18 டயரை, அதாவது 225 மி.மீ. அகலமும் அதில் 40 வீதம் பக்கச்சுவர் உயரமும் கொண்ட 18 அங்குல ரிம்முக்கான டயரை, இழுத்துப் பொருத்திக் கொடுத்தார்கள். ஐந்து போல்ட், 114.3 பி.சி.டி. (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ. இல்) என்பது பொருந்தியது உண்மை. ஆனால் பொருத்தம் என்பது போல்ட் ஓட்டைகளோடு முடிந்துவிடுவதில்லை. கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறி 90ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவில் முன் மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவியது. இரண்டு முறை பலன்சிங் (சில்லின் எடையைச் சுற்றிவரச் சமன்செய்வது) செய்தும் நடுக்கம் போகவில்லை.

நானா கடையில் அந்த நடுக்கத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் கூட எடுக்கவில்லை. ஆர்எக்ஸ்-8 இன் ஹப், அதாவது ரிம்மின் நடுத் துளைக்குள் நுழையும் மையப் பகுதி, 67.1 மி.மீ.; நான் வாங்கிய ரிம்மின் நடுத் துளையோ 73 மி.மீ. பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரிய துளையோடு செய்யப்படும் ரிம்களுக்கு, அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்று போட வேண்டும். அது இல்லாவிட்டால் ரிம்மை நடுவில் நிறுத்துவது நட்டுகள் மட்டுமே; ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் இயந்திரத்தில் செய்த பலன்சிங் காரில் ஏறியதும் வீணாகிவிடும். விற்றவர்கள் இதைச் சொல்லவுமில்லை, எனக்குக் கேட்கத் தெரியவுமில்லை.

அடுத்தது ஒஃப்செட். இந்த இடத்தில் கடைக்காரர் நானா ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு கீறிக் காட்டியதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே ஒஃப்செட். அந்த எண் குறையக் குறையச் சில்லு வெளியே தள்ளும். காரோடு வந்த கம்பனி ரிம் 18 அங்குலம், 8 அகலம், +50. அதன் வெளி விளிம்பு ஹப் முகத்திலிருந்து ஏறத்தாழ 52 மி.மீ. தொலைவில் நிற்கும். நான் வாங்கிய ரிம்மில் அதே கணக்கு 99 மி.மீ. அதாவது நான் காசு கொடுத்துச் சில்லை 47 மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறேன், மட்கார்ட் சீவியதில் அதிசயம் எதுவுமில்லை. டயரும் பிழை. 225/40 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7.5 முதல் 9 அங்குலம் வரைதான், 9.5 இல் அதை இழுத்துப் பொருத்தியதால் ரிம்மின் விளிம்பைக் காக்கும் இறப்பர் உள்ளே ஒடுங்கிவிட்டது. பேஸ்லைன் வீதியில் ஒரு குழியில் விழுந்த நாளிலேயே விளிம்பு வளைந்ததன் காரணமும் அதுதான்.

பிறகு அளக்கத் தொடங்கினார்கள். சில்லைக் கழற்றி, சில்லைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையான கீழ் ஆமின் அடியில் ஜாக்கை வைத்து சஸ்பென்ஷனை மேலே அமுக்கி, உட்பக்கம் ஆம் வரைக்கும் வெளிப்பக்கம் மட்கார்ட் விளிம்பு வரைக்கும் எவ்வளவு இடமிருக்கிறது என்று நான்கு மூலைகளிலும் குறித்தார்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தார்கள். பெரிய பிறேக் கலிப்பருக்கும் (பிறேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ரிம்மின் கம்பிகளுக்கும் இடையே விரல் போகிறதா என்று பார்த்ததும் இங்கேதான். ஒஃப்செட் சரியாக இருந்தும் கம்பி கலிப்பரில் முட்டிய கார்களைத் தான் கண்டிருப்பதாக அங்கே வேலைசெய்யும் மெக்கானிக் பாஸ் சொன்னார். முடிவாக அவர்கள் தந்த அளவு: 18 அங்குலம், 9 அகலம், +45, டயர் 245/40ஆர்18. இதில் ரிம் உட்பக்கமாக 8 மி.மீ., வெளிப்பக்கமாக 18 மி.மீ. மட்டுமே கூடுகிறது. டயரின் மொத்த விட்டம் 653 மி.மீ.; கம்பனி டயரான 225/45ஆர்18 இன் விட்டம் 660 மி.மீ. வித்தியாசம் ஒரு வீதம், ஆகவே வேகமானி காட்டுவதும் ஏறக்குறைய அவ்வளவே மாறும். சுமைக் குறியீட்டையும் பார்த்தார்கள்: கம்பனி டயரின் 91 என்பது ஒரு டயருக்கு 615 கிலோ, புதியதின் 97 என்பது 730 கிலோ.

எனக்கு 19 அங்குலத்தில் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. 245/35ஆர்19 போட்டால் விட்டம் 654 மி.மீ. வரும், கணக்கில் எந்தக் குறையும் இல்லை. நானா அதைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, வடிவுக்கு 19 நல்லம்தான். ஆனா ஒங்கட ஒழுங்கைல மழை பெஞ்சா குழி எங்க இருக்கெண்டு தெரியுமா?" என்றார். டயரின் பக்கச்சுவர் 98 மி.மீ. இலிருந்து 86 ஆகக் குறையும். அந்த 12 மி.மீ. தான் தண்ணீர் நிறைந்த குழியில் ரிம்மைக் காப்பாற்றுவது. பின்னுக்கு மட்டும் 265 போடலாமா என்று கேட்டபோதும் மறுத்தார். முன்னும் பின்னும் எடை ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்ட காருக்குப் பின் டயரை மட்டும் அகலமாக்கினால் வளைவில் முன்பக்கம் வெளியே வழுக்கத் தொடங்கும் என்பதும், நான்கும் ஒரே அளவாக இருந்தால்தான் டயர்களை முன்பின் மாற்றித் தேய்மானத்தைச் சமன்செய்யலாம் என்பதும் அவருடைய வாதம். இரண்டும் சரி. விற்பனையை இழந்தாவது மறுக்கத் தெரிந்த கடைக்காரரை நான் கொழும்பில் அதிகம் கண்டதில்லை.

டயரைப் பொறுத்தவரை மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 ஐ எடுத்தேன். கட்டுக்குருந்தையில் கார்ப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் விரும்பும் மிருதுவான ரகமும் கடையில் இருந்தது. ஆனால் அவற்றின் ஆழம் குறைந்த காடிகள், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை நீளும் தென்மேல் பருவமழையில் வீதியில் தேங்கும் தண்ணீரைப் போதிய வேகத்தில் வெளியேற்றாது. டயர் அகலமாக ஆக இந்தக் கவலையும் கூடுகிறது, 245 ஐப் போட்ட பிறகு கனமழையில் நான் முன்பைவிட மெதுவாகத்தான் போகிறேன். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புக் குறியை நான் கேட்காமலே காட்டினார்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இந்த நகரத்தில் புதிய டயர் என்ற பெயரில் ஐந்து வருடம் தட்டில் கிடந்ததை வாங்கிவருவது அவ்வளவு கடினமானதல்ல. 1876 இல் ஹெனரத்கொடை பூங்காவில் இறப்பர் மரத்தை நட்ட நாட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேட இவ்வளவு பாடு!

குறைகளும் சொல்ல வேண்டும். இரண்டு மணித்தியாலம் என்றார்கள், காலையில் போனவன் மாலை ஐந்தரைக்குத்தான் வெளியே வந்தேன். பலன்சிங் இயந்திரம் ஒன்றே ஒன்று. உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதிலும் யாரோ இருந்தார்கள். பையன்மார் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுகிறார்கள். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டோர்க் ரென்ச் உள்ளே இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் வரும். இந்தக் காருக்குச் சுமார் 100 நியூட்டன் மீற்றர் போதும் என்று நான் சொல்லித்தான் திரும்ப இறுக்கினார்கள். இவ்வளவு கவனமாக அளக்கிற கடையில் இது எனக்கு விளங்கவேயில்லை. விலையும் பக்கத்துக் கடைகளைவிடக் கூட. பேரம் பேசினால் வால்வும் வளையமும் இலவசமாகக் கிடைக்கும், அதற்கு மேல் இறங்கமாட்டார்.

வீல் எலைன்மன்ட் (சில்லுகளின் கோணங்களைச் சரிசெய்வது) அங்கே செய்வதில்லை. வேறிடத்துக்கு ஒரு துண்டு எழுதித் தருகிறார்கள். முன் சில்லுகளுக்கு கேம்பர் (சில்லின் மேற்பக்கம் உள்ளே சாயும் கோணம்) −1.5 பாகை என்று அதில் எழுதியிருந்தது. கீழ் ஆம் போல்ட்களிலேயே அதைச் சரிசெய்யும் வசதி இந்தக் காரில் இருப்பதால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு நானா கடைக்கு வரச்சொல்லி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க மட்கார்டின் உள்விளிம்பில் கிளே (களிமண்) உருண்டைகளை ஒட்டி, பின் இருக்கையில் கடைப் பையன்மார் இருவரை ஏற்றிக்கொண்டு வேகத்தடைகளின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். இடது பின்பக்க உருண்டை மட்டும் இலேசாக நசிந்திருந்தது. அந்த விளிம்பை மடித்துக் கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை.

இப்போது அதிவேகப் பாதையில் 100 இல் ஸ்டியரிங் அசைவதில்லை. தொடர்மாடிச் சரிவிலும் சத்தமில்லை, பின்னால் இரண்டு பெரியவர்கள் இருந்தால் மட்டும் காற்றை 32 பி.எஸ்.ஐ. இலிருந்து 34 ஆக்கிக்கொள்கிறேன். போகிறவர்கள் வார நாளில் காலை ஒன்பதுக்கு முன் போங்கள். அதன் பிறகு கடை வாசலில் காரை நிறுத்த இடம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக மதியம் மூடுவார்கள். ரிம்மின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும் அகலத்தையும் ஒஃப்செட்டையும் முன்கூட்டியே படமெடுத்துக்கொண்டு போனால் நானா உங்களோடு இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவார்.