மச்சான் தந்த பியர் வாளி

மெல்பேர்ணிலிருந்து வந்த மச்சான் இந்த முறை சொக்லேட் கொண்டுவரவில்லை. குழாய் பூட்டுகிற பெரிய பிளாஸ்டிக் வாளி, சீனி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கிற ஹைட்ரோமீற்றர், ஒரு டசின் 740 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல், 1.7 கிலோ மோல்ட் (பியர் போடுகிற பார்லிப் பாகு) பேணி, ஈஸ்ட் பொட்டலம். “முதல் தடவை பியர் போடுறவனுக்கு இதைவிட நல்ல செட் இல்லடா” என்றார்.

அங்கே வீட்டுத் தேவைக்குப் பியர் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இங்கே இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் பேணியை அலுமாரியில் வைத்துவிட்டு, வாளியில் சோடா மாதிரிக் குடிக்கிற இஞ்சி பியர் போட்டேன். ஆகவே இது பாதி செட்டுக்கான விமர்சனம்தான்.

பத்து லீற்றருக்கு ஒரு கிலோ சீனி, முக்கால் கிலோ இஞ்சி, எட்டுத் தேசிக்காய். இஞ்சியை இடித்து அவித்து, வடித்து, ஆறவிட்டு, ஈஸ்டில் மூன்றிலொரு பங்கைத் தூவினேன். ஹைட்ரோமீற்றர் 1.036 காட்டியது (வெறும் தண்ணீர் 1.000). அது 20 பாகை செல்சியஸுக்கு அளந்து செய்த சாமான், சூடு கூடினால் குறைத்துக் காட்டும். எங்கள் குசினியில் ‘ஆறிய’ தண்ணீரே 30 பாகை. இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி 0.001) கூட்டினால் 1.038 வரும். போட்ட சீனிக்கு அதுதான் கணக்கு. செட்டில் எனக்கு அதிகம் பிடித்தது இந்தக் கண்ணாடிக் குச்சிதான்.

பிடிக்காதது குழாய். வாஷரை உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று துண்டுப்பிரசுரத்தில் ஒரு சொல் இல்லை. நான் மாறிப் போட்டேன். இரவோடு இரவாக அரை லீற்றர் ஒழுகி, விடிய நிலமெல்லாம் எறும்பு. “தவறணைக்குள்ள வந்த மாதிரிக் கிடக்கு மனே” என்றா அம்மா.

அந்தப் பிரசுரம் 18 முதல் 24 பாகை வரையில் வைத்து நாள்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறது. மட்டக்களப்புக் கல்லடியில், சுடுகிற கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதத்தில், அதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். காலையில் இறக்கிய கள்ளு மத்தியானத்துக்குள் புளிக்கிற ஊர் இது. நான் ஒரே நாளில் போத்தலில் அடைத்துவிட்டேன். ஈஸ்ட் விடுகிற வாயுவால் ஆறு மணித்தியாலத்தில் போத்தல்கள் விரலால் அமுக்க முடியாதபடி கல்லாக இறுகிவிட்டன. உடனே பிரிட்ஜுக்குள் தள்ளினேன். சீனி முழுக்கப் புளித்து வெறியாக மாறுவதற்குள் நிறுத்துவதற்கும் அதுதான் வழி.

மிஞ்சியதை ஒரு பழைய கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அலுமாரியில் வைத்தது என் மடத்தனம். கண்ணாடிக்குள் வாயு இறுகினால் விரலுக்குத் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு வெடித்தது. நல்லவேளை, கதவு சாத்தியிருந்தது.

சரி, ருசி? கலங்கல்தான். கடை இஞ்சி பியரின் பாதி இனிப்புக்கூட இல்லை, தொண்டையில் உறைப்பு நிற்கும். மீன்குழம்புச் சோற்றுக்குப் பிறகு அருமை. அம்மா இரண்டு கிளாஸ் குடித்தா, ஒன்றும் சொல்லவில்லை.

வாளியும் போத்தலும் காசுக்குத் தகுந்தவை. ஆனால் வாளியின் 23 லீற்றர் கணக்கு எங்களைப் போல மூன்று பேர் வீட்டுக்கு மிகப் பெரிது. சின்ன வாளி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

“பியர் எப்படி வந்தது?” என்று மச்சான் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மோல்ட் பேணி நல்ல பாரம். கச்சானுக்கு அடித்துச் சாத்துகிற குசினிக் கதவுக்கு அம்மா அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறா.